நான்கு திருகுகளின் வரலாறு

உதிரிப் பாகங்களைக் கோத்து மின்பேஸ் கிதாரை வீட்டிலேயே உருவாக்கும் வழக்கத்தின் வேர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் 1938-இல் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் திறந்த லியோ ஃபெண்டரிடம் இருக்கிறது. கிதார் வாசிக்கத் தெரியாத அவர், பழுதானதைக் கழற்றி மாற்றும் தொழிலாளியின் கண்ணால் கருவியைப் பார்த்தார். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அந்தப் பார்வையே வித்து.

மின்பேஸ் என்ற எண்ணம் அவருக்கு முன்பே தோன்றியதுதான். சியாட்டில் நகரின் பால் டட்மார்க் 1930-களின் நடுப்பகுதியிலேயே அத்தகைய கருவியொன்றைச் செய்து விற்றார், ஆனால் அது பரவவில்லை. ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட கருவியே நிலைபெற்றது. அதுவரை பேஸ் வாசித்தவர்கள் சுமந்து திரிந்த ஆளுயர டபுள் பேஸில் மெட்டுகள் இல்லாததால், சுருதி முழுவதும் விரலின் பயிற்சியையே நம்பியிருந்தது. வீணையில் மெழுகின் மேல் பதிக்கும் மெட்டுகளைப் போல, ஃபெண்டரின் கருவியில் கழுத்தின் மரத்தில் அறுத்த பிளவுகளுக்குள் உலோக மெட்டுகள் அடித்து இறக்கப்பட்டதால் சுருதி துல்லியமாக அமைந்தது. துல்லியம் என்று பொருள்படும் 'பிரிசிஷன்' என்ற பெயர் அதற்கு வாய்த்தது இதனால்தான்.

மரபான கிதார்களில் கழுத்தைப் பசையிட்டு உடலோடு ஒட்டிவிடுவார்கள். ஃபெண்டரோ உடலில் ஒரு குழியைக் குடைந்து, அதில் கழுத்தின் அடிப்பகுதியைப் பொருத்தி, பின்புறமிருந்து நான்கு திருகுகளால் இறுக்கினார். மெட்டுகள் தேய்ந்தாலோ மரம் வளைந்தாலோ கழுத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்பது அவரது கணக்கு. அக்காலத்துக் கழுத்துகள் பலவற்றின் அடியில் தொழிலாளர்கள் பென்சிலால் எழுதிய தேதியும் பெயரின் முதலெழுத்துகளும் காணப்படுகின்றன. திருகுகளைக் கழற்றுபவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் எழுத்து அது.

1960-இல் ஃபெண்டர் வெளியிட்ட ஜாஸ் பேஸின் கழுத்து, தலைப்பக்கம் சுமார் 38 மில்லிமீட்டராக ஒடுங்கியபோதும், உடலோடு சேரும் இடத்தின் அளவும் 34 அங்குலத் தந்தி நீளமும் பிரிசிஷனில் இருந்ததிலிருந்து மாறவில்லை. ஆகவே ஒன்றின் கழுத்தை மற்றதன் உடலில் பொருத்த முடிந்தது. சொந்த விருப்பத்துக்குப் பேஸ் செய்துகொள்ளும் கலை முழுவதும் இந்த மாறாத அளவின் மேல்தான் நிற்கிறது. 'தி ஹூ' ராக் இசைக்குழுவின் ஜான் என்ட்விசில் 1967-இல், உடைந்த ஐந்து பிரிசிஷன் பேஸ்களின் பாகங்களைத் திருப்புளியும் பற்றவைப்புக் கோலும் கொண்டு ஒரே கருவியாக்கி, அதற்கு ஃபிராங்கன்ஸ்டைன் என்று பெயரிட்டார். 1970-களில் உதிரிப் பாகங்களின் தேவையே தனி வணிகமாயிற்று: ஷெக்டர் நிறுவனம் 1976-இல் கலிஃபோர்னியாவின் வான் நைஸில் உதிரிப் பாகங்களோடு தொடங்கியது, அதே காலத்தில் டிமார்சியோவும் சீமோர் டங்கனும், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருளான பிக்கப்பைத் தனியே விற்றனர்.

பாகங்கள் கடையில் கிடைத்தாலும் வீட்டில் செய்பவரின் திறமையைச் சோதிக்கும் இடம் ஒன்று உண்டு. தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜை எங்கே பதிப்பது என்பதே அது. தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் 'நட்' என்ற பகுதியிலிருந்து 12-ஆவது மெட்டு வரை 17 அங்குலம் என்றால், அங்கிருந்து பிரிட்ஜின் தாங்கிகள் வரையிலும் ஏறக்குறைய அதே தூரம் வேண்டும். அழுத்தும்போது தந்தி விறைத்துச் சுருதி சற்று ஏறிவிடுவதால், தாங்கிகள் சிறிது பின்னே நகரவும் இடம் விட வேண்டும். துளையிடுவதற்கு முன் இரு ஓரத் தந்திகளின் பாதையில் நூல்களை இழுத்துக் கட்டி, அவை கழுத்தின் இரு விளிம்புகளிலிருந்தும் ஒரே இடைவெளியில் ஓடுகின்றனவா என்று பார்ப்பார்கள். கழுத்தின் கோணம் பிசகித் தந்தி உயர்ந்து நின்றால், நான்கு திருகுகளையும் தளர்த்தி, குழிக்குள் மெல்லிய அட்டைத் துண்டொன்றை வைத்து மீண்டும் முடுக்குவார்கள்.