றிச்மண்ட் வீதியில் விடியும்வரை

எங்கள் வீட்டில் ‘டி.ஜே.’ என்ற சொல் பல நாள் சண்டைக்குக் காரணமாக இருந்தது. மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கலியாண மண்டபங்களில் பாட்டுப் போடத் தொடங்கிவிட்டான். “கோப்பை கழுவிப் படிப்பிச்சது இதுக்கோ?” என்று கேட்டேன். “டி.ஜே. எண்டால் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ, அப்பா?” என்று அவன் திருப்பிக் கேட்டான். எனக்குத் தெரியாது. பிறகு தேடி அறிந்ததையே இங்கே சொல்கிறேன்.

சிக்காகோவில் ‘வெயர்ஹவுஸ்’ என்றொரு நடனக் கூடம் இருந்தது. 1977இல் நியூயோர்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டுப் போடத் தொடங்கினார். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வழியினர், ஒருபாலீர்ப்பினர். வேறு இடங்களில் வாசலிலேயே மறிக்கப்பட்டவர்கள். 1979 ஜூலை 12ஆம் திகதி அதே நகரத்து பேஸ்போல் மைதானமொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. நக்கிள்ஸ் பழைய பாடல்களை வெட்டி, நீட்டி, பிறகு இயந்திரத் தாளமும் சேர்த்தார். வெயர்ஹவுஸின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ இசை என்ற பெயர் வந்ததென்பார்கள்.

இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள், நடுவே ஒரு கலவைப் பெட்டி. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததன் வேகத்தை அதனோடு பொருத்தவேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. ஆடுகிறவரின் கால் தடுமாறக்கூடாது. டி.ஜே.யின் கைப்பழக்கம் இதுதான்.

அந்த இசைக்கு ரொறன்ரோவில் இடம் கொடுத்தவர்கள் ரிரினிடாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட அசூன் சகோதரர்கள். 1980இல் றிச்மண்ட் வீதி மேற்கு, 185ஆம் இலக்கத்தில் ‘ட்வைலைற் சோன்’ கூடத்தை நண்பர்களோடு சேர்ந்து திறந்தார்கள். அப்போது அந்தப் பகுதி முழுக்கத் தையல் தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும்தான். நியூயோர்க்கின் ‘பரடைஸ் கராஜ்’ கூடத்துக்கு ஒலியமைத்த றிச்சட் லோங்தான் இதற்கும் ஒலியமைத்தார். அன்று ஒன்ராறியோ மதுச்சாலைகளில் அதிகாலை 1 மணியோடு விற்பனை நின்றுவிடும். இங்கே மது இல்லை, ஆட்டம் மட்டும் விடியும்வரை. நக்கிள்ஸும் வந்து வாசித்தார். எல்லா நிறத்தவரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 1989இல் அது மூடப்பட்டது.

1987இல் நான் அந்தப் பக்கத்து உணவகமொன்றில் வேலை செய்தேன். இரவு பஸ்ஸுக்கு நடக்கும்போது வாசலில் வரிசை நிற்கும். அந்த அதிர்வு சப்பாத்தின் அடியில் தெரியும். “கெட்டுப்போகுதுகள்” என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன். என்னைப்போல் வந்தேறிய குடும்பமொன்று கட்டிய கூடம் அதுவென்று அப்போது யார் சொன்னார்கள்?

2000ஆம் ஆண்டு மே மாதம் நகரசபை தன் கட்டடங்களில் இரவு நடன விழாக்களைத் தடைசெய்தது. ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நகரமண்டபச் சதுக்கத்தில் கூடி ஆடியே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதம் தடை நீங்கியது. சிலருடைய குற்றத்துக்காக எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பது எப்படியென்று அந்த நாட்களில் எங்கள் பெடியளுக்கும் நன்றாகத் தெரியும்.

ஊரில் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவரை யோசித்துப் பாருங்கள். பந்தல் மூலையில் ஒரு மேசை, ஒரு பெட்டி இசைத்தட்டு. அடுத்த பாட்டு எதுவென்று அவர்தான் தீர்மானிப்பார், ஊர் கேட்கும். மகனும் ஸ்காபரோ மண்டபத்தில் அதைத்தான் செய்கிறான். அவன் பைலா போட்டால் முழங்கால் வருத்தக்காரரும் எழும்பி வருகிறார்கள்.

ட்வைலைற் சோனின் கதையை டெனிஸ் பென்சன் என்பவர் 2015இல் வெளிவந்த ரொறன்ரோ இரவு வாழ்க்கை வரலாற்று நூலில் பதிந்துவிட்டார். எங்கள் முதல் கலியாணங்களுக்குக் கசற் போட்டவர்களின் கதையை யார் எழுதுவது? உங்கள் வீட்டு நிலவறையில் அந்தக் கசற்றுகளோ படங்களோ கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். வானொலிக்குக் கொண்டுவாருங்கள்.