தொடைக்கு இறங்கிய உறை: அமெரிக்க மேற்கின் துப்பாக்கித் தோல்வேலையும் அதன் சேகரிப்பும்

கௌபாய் என்றதும் நம் மனத்தில் வரும் உருவத்துக்கு ஒரு சரிவு உண்டு. தோட்டாக்கள் செருகிய அகல வார் இடுப்பில் ஒருபக்கமாக இறங்கியிருக்கும். அதிலிருந்து தோலுறை தொடைவரை தொங்கும். உறையின் நுனியை ஒரு மெல்லிய தோல்கயிறு தொடையோடு சேர்த்துக் கட்டியிருக்கும். கர்ணன் இயக்கிய ஜெய்சங்கர் படங்களும் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸும் கௌபாயை நமக்கு முன்பே பழக்கிவிட்டதால், 1870-களின் டெக்சாஸிலும் கான்சாஸிலும் ஆட்கள் இப்படித்தான் திரிந்தார்கள் என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்கர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். அக்காலத்திலிருந்து எஞ்சியிருக்கும் தோல்பொருள்களோ வேறு கதை சொல்கின்றன. சேகரிப்பாளர்கள் இன்று ‘குவிக் டிரா’ (விரைந்து உருவுதல்) என்ற பெயரில் தேடும் உறை எல்லைப்புறத்தில் பிறந்ததல்ல. ஹாலிவுட்டைச் சுற்றிய பட்டறைகளில் உருவானது. எல்லைப்புற உறை துப்பாக்கி கீழே விழாமல் காத்தது. திரை உறை துப்பாக்கியை விரைவாக வெளியே விட்டது. இந்த வேற்றுமை தோலின் வெட்டிலேயே எழுதியிருக்கிறது.

சேணத்திலிருந்து இடுப்புக்கு

சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வர் 1836-ல் சந்தைக்கு வந்தபோது இடுப்பு உறை என்ற பேச்சே பெரிதாக எழவில்லை. 1847-ன் வாக்கர் மாடல் இரண்டு கிலோவுக்கு மேல் கனத்தது. அதை இடுப்பில் கட்டி நடப்பது ஒரு தண்டனை. குதிரைச் சேணத்தின் முன்பக்கம் இருபுறமும் தொங்கிய உறைகளில்தான் அது இருந்தது. ஏறக்குறைய 1.2 கிலோ எடைகொண்ட நேவி ரிவால்வர் 1851-ல் வந்தபிறகுதான் துப்பாக்கி மனித உடம்புக்கு இடம்பெயர்ந்தது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் தங்க வேட்டை நடந்துகொண்டிருந்தது. அங்கே உருவான உறையைச் சேகரிப்பாளர்கள் ‘கலிபோர்னியா பாணி’ என்றும் ‘ஸ்லிம் ஜிம்’ என்றும் அழைக்கிறார்கள். துப்பாக்கியின் வடிவத்தை அப்படியே தழுவிய ஒல்லியான உறை அது. வாய்ப்பகுதி வளைவாக வெட்டப்பட்டு, மேலே மூடியில்லாமல் இருந்தது. ராணுவ உறையில் மூடி நீடித்தது. மழையிலும் புழுதியிலும் குதிரைமேல் நாள்கணக்கில் போகிறவனுக்கு வேகத்தைவிட மூடி முக்கியம்.

உலோகத் தோட்டா செய்த மாற்றம்

1873-ல் கோல்ட்டின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி வந்தது. மருந்தையும் குண்டையும் தனித்தனியே திணித்த காலம் போய், பித்தளை, செம்பு உறைகளில் அடைத்த தோட்டா வழக்குக்கு வந்தது. தோட்டா ஒவ்வொன்றுக்கும் ஒரு தோல்வளையம் வைத்துத் தைத்த அகல வார் அப்போது தேவைப்பட்டது. பழைய ஸ்லிம் ஜிம்மின் குறுகிய வளையத்துக்குள் அந்த வார் நுழையாது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘மெக்சிகன் லூப்’ உறை. என் பார்வையில் அமெரிக்கத் தோல்வேலையின் மிகப் புத்திசாலித்தனமான வெட்டு இது. ஒரே தோல்துண்டு. பாதியை மடித்துத் தைத்தால் பை. மீதிப் பாதி பின்னால் பாவாடைபோல் மடிந்து விழும். அந்தப் பாவாடையில் ஒன்றோ இரண்டோ பட்டைகளை வெட்டிவிட்டு, பையை அவற்றுக்குள் நுழைத்துவிடுவார்கள். மடிப்புக்கு உள்ளே எவ்வளவு அகல வாரும் போகும். வயோமிங்கின் செயென் நகரில் எஃப்.ஏ. மீனியா, கொலராடோவில் டென்வரின் எச்.எச். ஹெய்சர், பியூப்லோவின் ஆர்.டி. ஃபிரேசியர் ஆகியோரின் முத்திரை பதித்த உறைகள் இன்று பெருவிலை பெறுகின்றன. இவர்கள் எல்லாருக்கும் சேணமே முதல் தொழில், உறை உடன்வேலை.

இந்த உறையில் துப்பாக்கி ஆழமாக அமிழ்ந்திருக்கும். விசைக்காப்பு வளையமும் பெரும்பாலும் தோலுக்குள்ளேயே இருக்கும். வேகமாக உருவ நினைப்பவன் இப்படி ஓர் உறையைச் செய்யச் சொல்லமாட்டான். மாடு மேய்த்து நாளெல்லாம் குதிரையில் குலுங்குகிறவன்தான் கேட்பான். புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைகளும் இதற்கு எதிராகப் பேசவில்லை. 1865-ல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக் டட் என்பவரைச் சுட்டது சுமார் 75 கஜத் தொலைவிலிருந்து. அங்கே வென்றது குறி. 1881 அக்டோபர் 26 அன்று டூம்ஸ்டோனில் நடந்த ஓ.கே. கோரல் சண்டையில் காவல் தரப்பில் நின்ற வயட் ஏர்ப்பின் துப்பாக்கி வெளிவந்தது மேலங்கிப் பையிலிருந்து. அதைப் பின்னர் விசாரணையில் அவரே சொன்னார். ஊருக்குள் ஆயுதம் தாங்கக் கூடாது என்ற விதி அங்கே அமலில் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த சண்டையில் உறைக்கே பெரிய வேலையில்லை.

திரைக்காக வெட்டிய தோல்

உறை இடுப்புக்குக் கீழே இறங்கியது 1920-களில். வாரின் கீழ்ப்பகுதியை அகலமாக்கி, அதில் ஒரு பிளவு வெட்டி, உறையை அப்பிளவில் மாட்டித் தொங்கவிடும் அமைப்புக்கு ‘பஸ்கடேரோ’ என்று பெயர். டெக்சாஸின் எஸ்.டி. மைரஸ் பட்டறையையும் ஓய்வுபெற்ற ரேஞ்சர் கேப்டன் ஜான் ஹியூசையும் இதன் மூலவர்களாகச் சொல்வது வழக்கம். யார் முதலில் வெட்டினார் என்பதைவிட யார் அணிந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. சுவீடனில் பிறந்து ஹாலிவுட்டில் கடைபோட்ட எட்வர்ட் போலின் வெள்ளிப் பூண்களும் பூவேலையும் சேர்த்து நடிகர்களுக்கு வார்கள் செய்தார். கேமராவுக்கு அது பிடித்துப்போனது. 1880-ல் நடக்கும் கதைகளில் 1920-களின் வார் தொங்குவதைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

1950-களில் தொலைக்காட்சி இந்தத் தோற்றத்தின் மீதான ஆசையை வீடுவீடாகக் கொண்டுபோனது. ‘கன்ஸ்மோக்’ தொடர் 1955-ல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடியது. அதன் தொடக்கக் காட்சியில் நாயகன் மார்ஷல் மேட் டில்லனுக்கு எதிரே நின்று சுட்டவர் ஆர்வோ ஓஜாலா. அவர் நடிகர்களுக்குத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்தவர்; உறை செய்பவரும்கூட. இரண்டு தோல்களுக்கு நடுவே உலோகத் தகடு வைத்துத் தைத்த உறைக்கு 1958-ல் காப்புரிமை பெற்றார். சாதாரணத் தோல் துப்பாக்கியின் சுழலறையை அழுத்திப் பிடிக்கும். தகடு வைத்த உறை விறைப்பாக நிற்பதால், துப்பாக்கி உள்ளே இருக்கும்போதே அதன் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கலாம். சுழலறை தடையின்றிச் சுழலும். துப்பாக்கி வெளியே வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் ரயில் கொள்ளையனாக வேடம்கட்டிய டீ வூலம் 1954-ல் வேகப் போட்டியைத் தொடங்கிவைத்தார். நொடியின் நூறில் ஒரு பங்கு கணக்குக்கு வந்தது. உண்மைத் தோட்டா வைத்துப் பழகித் தம் காலையே சுட்டுக்கொண்டவர்கள் இருந்ததால், போட்டிகள் வெற்று வெடிக்கும் மெழுகுக் குண்டுக்கும் மாறின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிறுத்திய சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியைக் கோல்ட் நிறுவனம் 1956-ல் மறுபடி செய்யத் தொடங்கியதற்குக் காரணம் இந்தத் தொலைக்காட்சி மோகம்தான். வரலாறு திரைக்குப் போய், திரையிலிருந்து தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது.

தோலைப் படிப்பது

இந்த இரட்டை வரலாறுதான் சேகரிப்பாளரின் தலைவலி. எல்லைப்புற உறை ஒன்றும் அதைப் பார்த்து 1950-களில் செய்த உறை ஒன்றும் ஒரே மேசையில் கிடக்கும். இன்று இரண்டுமே பழையவைதான். ரிச்சர்ட் ராட்டன்பரி 1993-ல் வெளியிட்ட ‘பேக்கிங் அயர்ன்’ இப்பொருள்களை வகைப்படுத்தியதில் பெரும்பங்கு வகித்த நூல். ஆனால் நூலைப் பார்த்துப் போலி செய்பவர்களும் படிக்கத் தெரிந்தவர்களே. முத்திரையை மட்டும் நம்பக்கூடாது, அதைப் போலியாகச் செய்வது எளிது. வெட்டு விளிம்பில் நீலச்சாம்பல் தெரிந்தால் அது குரோமியத்தில் பதனிட்ட தோல். குரோமியப் பதனிடல் பரவலாக வணிகத்துக்கு வந்தது 1884-ல் கிடைத்த காப்புரிமைக்குப் பிறகுதான். ஆகவே 1870-களின் உறை என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. புற ஊதா ஒளியில் பளிச்சென ஒளிரும் தையல் நூலும் பிற்காலத்தைக் காட்டிக்கொடுக்கும். எனக்கு இவற்றைவிட நம்பகமான சாட்சி உள்ளே இருப்பது. நெடுநாள் துப்பாக்கி சுமந்த உறையில் சுழலறையின் புடைப்பும் குழலின் முன்குமிழ் உரசிய கோடும் இருக்கும். மேலே தேய்ந்து உள்ளே புதிதாயிருக்கும் உறையைச் சந்தேகிக்க வேண்டும்.

தொடாமல் விடும் கலை

பழைய தோலைக் கண்டதும் எண்ணெய் தடவுவது முந்தைய தலைமுறையின் பழக்கம். மாட்டுக்கால் எண்ணெயில் ஊறவைத்தால் தோல் ஒருநாள் மினுங்கும். பிறகு கறுக்கும், விறைக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் இதை இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். சேண சோப்பும் அப்படியே.

மரப்பட்டையில் பதனிட்ட பழந்தோலின் பெரும் நோய் செந்தூள் நோய். காற்றின் கந்தக அமிலத்தன்மை தோலின் நாரை அரித்து, தொட்டால் கையில் செங்காவி ஒட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். எல்லாப் பட்டையும் இதற்கு ஒரே அளவில் இடம்கொடுப்பதில்லை. ஹெம்லாக் பட்டைத் தோல் எளிதில் இரையாகும். நம் ஆவாரம்பட்டைத் தோலும் அதே இனம். வெளிச்சத்தில் சிவந்துபோகும் என்பதால்தான் சென்னை மாகாணத்துத் தோல்காரர்கள் அதைக் கடுக்காய்ச் சாற்றில் மறுமுறை தோய்த்தார்கள். நோய் பிடித்த தோலைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. செல்லுலோஸ் சார்ந்த பசையை ஆல்கஹாலில் கரைத்துத் தடவி, உதிர்வதை நிறுத்தலாம். தண்ணீர் பட்டால் அத்தோல் சுருங்கிக் கறுக்கும்.

தோட்டா வார்களில் பச்சைக் களிம்பு தனிப் பிரச்சினை. தோலின் அமிலமும் கொழுப்பும் செம்போடு சேர்ந்து மெழுகுபோன்ற பசுமையைக் கக்கும். அந்நாளில் இது தோட்டாவை வளையத்தோடு ஒட்டவைத்ததால்தான் ராணுவ அதிகாரி ஆன்சன் மில்ஸ் தோலைவிட்டு நெய்த துணி வாருக்குப் போனார். இன்று அக்களிம்பை மரக்குச்சியால் மெதுவாக நீக்குவார்கள். வளையத்தில் எந்த அளவுத் தோட்டா இருந்தது என்ற தடம் அழியக்கூடாது. அறுந்த தையலை எல்லாம் பிரித்துப் புதிதாகத் தைப்பது விற்பனைக்கு நல்லது, ஆய்வுக்குக் கேடு. பழைய துளைகளில் ஆளிநூலை ஓட்டி, தைத்த இடத்தைக் குறித்துவைப்பதோடு நிறுத்துவதே என் கட்சி. துப்பாக்கியை உறைக்குள் வைத்துப் பாதுகாப்பது எல்லாவற்றிலும் மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து இரும்பைத் துருவேற்றும். அமிலமற்ற தாளைச் சுருட்டி உறைக்குள் திணித்தால் வடிவம் நிற்கும்.

இப்போது 1950-களின் தகட்டு உறைகளும் எழுபது வயதை நெருங்கிவிட்டன. அவற்றின் நோய் வேறு. உள்ளே ஈரம் புகுந்தால் எஃகுத் தகடு துருப்பிடிக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆவதுபோல, துருவும் தோலின் டானினும் சேர்ந்து கருங்கறையாக மேலே வரும். தகட்டைத் துடைக்கத் தையலைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அதைச் செய்த பட்டறையின் கையெழுத்தான அந்த நூல் போய்விடும். பலர் கறையோடே அதை அலமாரியில் வைக்கிறார்கள்.