குருத்தும் குருதியும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை தென்னைக்குப் பேர்போனது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி அத்தோப்புகளைப் பாழாக்கிற்று. வேர் அசைந்து சாய்ந்த தென்னைக்குக் குருத்து நலமாயிருப்பின் பிழைக்க வழியுண்டு. கொண்டை முறிந்த மரமோ, அடிமரம் எத்துணை உறுதியாக நின்றாலும் பட்டுப்போகும். ஓலையும் பாளையும் பிறக்கும் குருத்து தென்னைக்கு ஒன்றே.

மனித உடம்பிலும் இத்தகைய குருத்து உண்டு. மேனாட்டார் ‘ஸ்டெம் செல்’ என்பதைக் குருத்துக் கலம் எனலாம். செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். மாண்டவற்றின் இடத்தை நிரப்பப் புதியவற்றை ஈனுவது எலும்பு மச்சையில் உறையும் குருத்துக் கலம். குருதியாக மாறும் வழித்தோன்றல்களைத் தருவதோடு, தன்னையொத்த குருத்தையும் அது மிச்சம் வைக்கிறது.

இவ்வுண்மையை உலகம் கற்றது துயரத்தின் வாயிலாகவே. 1945இல் ஹிரோஷிமாவில் புறக்காயம் பெரிதும் இல்லாதோருங்கூட, சில வாரங்கள் கழிந்தபின் மாண்டனர். கதிர்வீச்சு அவர்தம் மச்சையை அழித்திருந்தது. அமெரிக்க மருத்துவர் டொனல் தாமஸ், பிறரது மச்சையை நோயாளர் அறுவருக்கு நாளத்தின் வழியே செலுத்திய செய்தியை 1957இல் வெளியிட்டார். எவரும் நூறு நாள் கடந்து வாழ்ந்திலர். 1961இல் கனடாவில் ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் என்னும் இருவர், கதிர்வீச்சுப் பட்ட சுண்டெலிகளுக்கு மச்சையை ஏற்றினர். பத்து நாட்களில் மண்ணீரலிற் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைக் கலத்தின் குடும்பம் என்பது 1963இல் உறுதியாயிற்று. சுண்டெலியின் மண்ணீரலில் இத்துணை பெரிய உண்மை ஒளிந்திருக்குமென யார் எண்ணினார்!

தாமஸ் சோர்ந்தாரில்லை. கொடுப்பவர், கொள்பவர் இருவரின் கலங்களிலுள்ள அடையாளங்கள் பொருந்தாவிடில் ஒன்றையொன்று பகைக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. உடன்பிறந்தாருக்கிடையே பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 1981இல் தாமசின் குழுவினர் தலசீமியா நோயுற்ற குழந்தைக்கு மச்சை மாற்றி வெற்றி கண்டனர். 1986இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மச்சை மாற்றத்தைத் தொடங்கிற்று. தாமசுக்கு நோபெல் பரிசு 1990இல் வந்தது.

தலசீமியா நமக்கு அயலான நோயன்று. மலேரியா உலாவிய நாடுகளிலேயே அது மிகுதி. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் அக்குறையைப் பெற்றவரை மலேரியா எளிதிற் கொல்லாது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். படுவான்கரை உள்ளிட்ட நம் உலர்வலயம் காய்ச்சலுக்கு அஞ்சி வாழ்ந்த காலம் நெடிது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாயிற்று. குருதியில் அது விட்டுச்சென்ற குறை அகலவில்லை.

நீரிழிவு முதல் முதுமை வரை யாவையும் குருத்துக் கலத்தால் நீக்குவோம் என விளம்பரஞ் செய்வோர் பலர். நெடுங்காலம் சோதித்து நிலைபெற்றது குருதி நோய்களுக்கான மச்சை மாற்றமே. அதுவும் எளிதன்று. பழைய மச்சையைக் கடும் மருந்தால் அழித்த பின்னரே புதியது செலுத்தப்படும். அது தானே எலும்பின் உட்புறம் தேடிச் சென்று தங்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களிற் புதிய வெண்குருதிக் கலங்கள் தென்படும். அதுவரை நோய்க்கிருமி அணுகாத தனியறையிற் பிள்ளை இருக்க, பெற்றோர் நாள்தோறும் குருதிக் கணக்கை நோக்கிக் காத்திருப்பர்.