கிஹிம் கடற்கரை வீடும் தூக்கணாங்குருவியும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன அரையாண்டு விடுமுறையில் மகன் எங்கள் எல்லோரையும் பம்பாய்க்கு வரவழைத்து, அங்கிருந்து கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் கூட்டிப்போனான். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா துறை. அங்கிருந்து அலிபாக் போகும் வழியில் இருக்கிறது கிஹிம். ஆறு படுக்கையறை உள்ள பெரிய பங்களாவை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து நாங்கள் 17 பேர். வாடகையைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷச் சம்பளம் முழுவதும் சேர்ந்தாலும் அங்கே ஒரு ராத்திரிக்குக் காணாது!

சவுக்குத் தோப்பு, தென்னை, எதிரே அரபிக் கடல். காலையில் ஈர மணலில் உள்ளான்கள் ஓடி ஓடிப் பொறுக்கித் தின்றன. வேதாரண்யத்துப் பக்கம் பிறந்தவளுக்கு அது புதுசில்லை. ஆனால் "கிஹிம்" என்ற பெயரை எங்கோ படித்த ஞாபகம் அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் தோட்டக் கிணற்றடியில் தூக்கணாங்குருவியின் பழைய கூடு ஒன்று காய்ந்து தொங்குவதைப் பார்த்ததும் சட்டென்று பிடிபட்டது. சாலிம் அலி!

பறவை மனிதர் சாலிம் அலியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1896இல் பம்பாயில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தார். தையப்ஜி குடும்பம் பெரிய குடும்பம். 1887இல் நம் சென்னையில் நடந்த மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தையப்ஜி அந்தக் குடும்பத்தவர்தான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது. பர்மாவில் சுரங்கத் தொழில் பார்த்து, அதுவும் சரிப்படாமல் திரும்பினார். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. 1928இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பறவையியல் கற்றார். 1930இல் ஆசை ஆசையாகத் திரும்பி வந்து பார்த்தால், பணப் பற்றாக்குறை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். வயது 33. பட்டம் இல்லாததால் வேறு கதவும் திறக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியை முடித்து, வேலைவாய்ப்புக்குப் பதிந்துவிட்டு, ஏழு வருஷம் தபால்காரரை எதிர்பார்த்தவள் நான். அந்த மனநிலை எனக்குத் தெரியும். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக்கூடக் கால் வராது.

பம்பாயில் குடும்பம் நடத்த முடியாமல் அவரும் மனைவி தெஹ்மினாவும் கிஹிம் கடற்கரையில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தெஹ்மினா இங்கிலாந்தில் படித்தவர். வசதியாக வளர்ந்த பெண். கணவன் பறவை பார்த்துக்கொண்டு அலைந்தால் என்ன வருமானம் வரும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. "இதுதான் உங்களுக்கு வரும், இதையே செய்யுங்கள்" என்ற பக்கம்தான் நின்றார். வரலாற்றில் இந்த மாதிரிப் பெண்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அதனால் இங்கே இரண்டு வரி சேர்த்து எழுதினேன்.

அந்த மழைக்காலத்தில் வீட்டுப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. வேலை இல்லாத மனிதருக்கு நேரம்தானே சொத்து! ஒவ்வொரு கூட்டையும் நாள்தோறும் கவனித்துக் குறித்து வைத்தார். அவர் கண்டது இது. கூடு கட்டுவது ஆண்குருவி மட்டும்தான். புல்லையும் ஓலையையும் நார் நாராகக் கிழித்து வந்து, தலைக்கவசம் மாதிரி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அப்போது பெண்குருவிகள் வந்து, நாம் வாடகை வீடு பார்ப்பதுபோல ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நுழைந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் குடிவரும், இல்லாவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். பெண் ஏற்றுக்கொண்ட பிறகுதான் கீழே தொங்கும் நீளக் குழாய் வாசலை ஆண் பின்னி முடிக்கும். அதற்குள் பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கும். இவர் என்ன செய்வார் தெரியுமா? அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த பெண்ணை அழைப்பார்! ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பம். இதை முதன்முதலாக ஆதாரத்தோடு எழுதியவர் சாலிம் அலி. 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. பறவை உலகில் அவர் பெயர் அதோடுதான் நிலைத்தது. அடுத்தடுத்து ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்பு வேலைகள் வந்தன.

இங்கே நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். குரங்குக்குப் புத்தி சொன்ன தூக்கணாங்குருவிக் கதையை நடத்தும்போதெல்லாம், "ஆணும் பெண்ணும் ஒற்றுமையாகச் சேர்ந்து கூடு கட்டும், பாருங்கள் பிள்ளைகளே" என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் படம்கூடப் போட்டேன், இரண்டும் வாயில் நாரோடு இருக்கிற மாதிரி. அது தப்பு. இப்போது உங்கள் பிள்ளைகளுக்காவது சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்றும் தோன்றியது. அதே 1930, மே மாதம். சாலிம் அலிக்கு மாமா முறையான அப்பாஸ் தையப்ஜி, பரோடாவில் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், 76 வயதில், காந்தி கைதான பிறகு தாராசணா உப்பளத்தை நோக்கித் தொண்டர்களை நடத்திச் சென்று கைதானார். அதற்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 30இல், ராஜாஜி நம் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார். அந்தக் கோடையில் மாமா ஒரு கடற்கரையில் சிறைக்குப் போகிறார். மழைக்காலத்தில் மருமகன் இன்னொரு கடற்கரையில் குருவிக்கூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்களோ!

தெஹ்மினா 1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். பல குடும்பக் குருவியால் பெயர் பெற்றவர், பிறகு மறுமணமே செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டிலேயே இருந்தார். பிற்காலத்தில் அவரும் அவருடைய கழகத்தாரும் நம் கோடியக்கரைக்கு வந்து, வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்தார்கள். 1967இல் கோடியக்கரை சரணாலயம் ஆனது. அவர் நடந்த மண்ணுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும், அவரைத் தேடி நான் அரபிக் கடலுக்குப் போக வேண்டியிருந்தது.

எங்களோடு வந்தவர்களில் தம்பி மகனும் ஒருவன். ஜூன் மாதம் வேலை போய்விட்டது. அவனுக்கும் 33 வயது. 17 பேரில் ஒன்பது பேராவது "அடுத்து என்னப்பா?" என்று கேட்டுவிட்டார்கள். நான் இந்தக் கதையை அவனிடம் சொல்லவில்லை. புத்திமதி மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். கிளம்புகிற நாள் காலையில் அவனே வந்து, "அத்தை, அந்தக் கூடு கீழே விழுந்துகிடக்கு, எடுத்துக்கவா?" என்றான். செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே படகில் வந்தான். இப்போது திருத்துறைப்பூண்டி வீட்டில், அலமாரி மேல் இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கலாம். உள்ளே விரல் விட்டால் களிமண் உருண்டை தட்டுப்படும், மெதுவாகத் தொடுங்கள்.