சபரும் சிவப்பு அட்டையும்

மலாயாவுக்குப் பிழைக்கப் போனவரை நம் ஊர்ப்பக்கத்தில் "சபராளி" என்பார்கள். சபர் என்றால் பயணம். குடியேறியவர் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடம் இங்கே கடையில் நிற்பார், பிறகு பல மாதம் ஊரில் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறுவார். ரெங்கத்தில் கடை வைத்திருந்த நம் பெரியவர்கள் பலரும் இப்படி வாழ்ந்தவர்களே. மனைவி மக்கள் கடல் தாண்டி, இராமநாதபுரம் பக்கமோ கடையநல்லூரிலோ இருந்தார்கள். ரெங்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறிச் சிங்கப்பூர் போனால் அங்கே ரஜூலா கப்பல் கிடைக்கும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் 1970களின் தொடக்கம் வரை நம்மவர்களைச் சுமந்தது.

1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வருவதில் அதுவரை பெரிய தடை இருந்ததில்லை. அதன்பிறகோ, ஊருக்குப் போகும் முன்பே திரும்பி வருவதற்கான அனுமதியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. குறித்த நாளுக்குள் திரும்பாவிட்டால் இங்கே கடை இருக்கும், சரக்கு இருக்கும், ஆனால் ஆளுக்கு உரிமை இருக்காது. 1959இல் சட்டம் மேலும் இறுகியது. நெடுங்காலம் கணவரைப் பிரிந்து ஊரிலேயே இருந்த மனைவியரை இங்கே அழைத்துக்கொள்வதும் கடினமாயிற்று. சபராளி குடும்பத்தில் அப்படிப் பிரிந்திராத மனைவி எத்தனை பேர்?

நாங்கள் கடைக்காரர்கள், ஆகவே குடியுரிமையையும் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். மெர்டேக்கா நாளில் இங்கே வசித்துவந்த வயதுவந்தவர், முந்தைய 12 ஆண்டுகளில் மொத்தம் 8 ஆண்டு இந்நாட்டில் இருந்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று 1957 அரசியலமைப்பு ஒரு வழி வைத்தது. மூன்று வருடம் இங்கே, ஒரு வருடம் ஊரில் என்று இருந்தவருக்கு 12இல் 9 வரும். தாராளமாகத் தேறலாம். அந்த வழி 1960களில் மூடப்பட்டது. எஞ்சியது 19ஆம் பிரிவு: 12 ஆண்டுகளில் 10 ஆண்டு, அதிலும் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதமும் இங்கேயே. அதே மனிதர், அதே 9 ஆண்டு, இப்போது தேறமாட்டார். "அடுத்த சபர் முடிந்து வந்து எழுதிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் இப்படித்தான் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். அவர்கள் நிரந்தரவாசிகள், ஆனால் குடிமக்கள் அல்லர்.

அடுத்து வந்த அடிகள் தெரிந்தவையே. 1967இல் சிங்கப்பூருக்கும் நமக்கும் இடையே கடப்பிதழ்ச் சோதனை வந்தது. நம் பெரியவர்கள் கப்பலைப் பிடிக்கவே இன்னொரு நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. 1968இன் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவருக்கு வேலைப் பெர்மிட் தேவைப்பட்டது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியா திரும்பினார்கள். தோட்டக்காரர்கள் போனால் ரெங்கம் போன்ற ஊரில் பற்று வரவு எழுதும் கடையும் படுத்துவிடும்.

இந்தக் காலத்தில் மனு போட்டுக் காத்திருந்தவர்கள் ஊருக்குப் போகாமலே இருந்தார்கள். வாப்பா மௌத்தான தந்தி வந்தும் போகவில்லை, மகள் நிக்காஹுக்கும் போகவில்லை. பணம் மட்டும் போனது. "மலாயாவில் போய்க் கல்நெஞ்சாகிவிட்டான்" என்று ஊரில் பேசினார்கள். அது அநியாயமான பேச்சு என்பதே எங்கள் கருத்து. போயிருந்தால் ஜனாசாவுக்கே நேரத்தில் சேர்ந்திருக்க முடியாது, கப்பலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இங்கே இருந்த பிழைப்பும் போயிருக்கும். இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் நீல அட்டை, போகாத அந்தப் பயணங்களின் விலையில் வந்தது.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்த பிறகு கப்பல் காலம் முடிந்தது. இப்போது விமானத்தில் நான்கு மணி நேரம். ஆனால் காகிதம் அப்படியே இருக்கிறது. முன்பு கணவர் காத்திருந்தார், இப்போது ஊரிலிருந்து மணமுடித்து வந்த மருமகள் காத்திருக்கிறாள். நீண்டகால சமூக வருகை அனுமதியில் ஆண்டுக்கணக்கில் இருந்து, நிரந்தரவாசி மனு போட்டு, பதிலுக்கு மேலும் ஆண்டுகள். உம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்ததும் அவள் கேட்பது, "மனு உள்ளே இருக்கும்போது போகலாமா?" என்றுதான்.

போகலாம். ஆனால் மனு கொடுத்த ரசீது திரும்பி நுழையும் உரிமை தராது. கடப்பிதழில் உள்ள அனுமதிதான் அதைத் தரும். அது திரும்பும் நாள் வரை செல்லுபடியாக வேண்டும், கடப்பிதழும் காலாவதியாகக் கூடாது. அனுமதி முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டே டிக்கெட் போட வேண்டும். குடிநுழைவுத் துறையில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. நேர்காணல் அழைப்புக் கடிதம் வீட்டு முகவரிக்கு வரும், எடுத்துப் பார்க்க ஒருவர் இங்கே இருக்க வேண்டும். சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்கள் ஊருக்குப் போகும்போது மறுநுழைவு அனுமதியின் தேதியைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.