மகாராணி செத்தும் நிற்காத காசு

போன மாசம் அத்தை ஒரு துணி முடிச்சோடு வந்தாங்க. உள்ளே பெரிய வெள்ளிக்காசு ஒண்ணு. மாமாவோட அப்பா ஏடன் துறைமுகத்துல வேலை பார்த்தப்போ கொண்டுவந்ததாம்.

"1780ன்னு போட்டிருக்குப்பா. லட்சத்துக்குப் போகும்ங்கறாங்க. பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்."

காசு பளபளன்னு இருந்தது. புளி போட்டுத் தேய்ச்சிருக்காங்க! பழங்காசை மட்டும் தேய்க்கவே தேய்க்காதீங்க சாமி, சேகரிப்பவன் கொடுக்கிற விலை அங்கேயே பாதி போயிடும்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மரியா தெரசா தாலர். ஒரு பக்கம் முக்காடு போட்ட பருமனான அம்மா. புருஷன் 1765ல் இறந்த பிறகு வந்த விதவைக்கோலம் அது. மறுபக்கம் நம்மூர் கண்டபேரண்டப் பட்சி மாதிரி இருதலைக் கழுகு.

ஆஸ்திரியாவை ஆண்ட இந்த அம்மா இறந்தது 1780ல். காசு மட்டும் நிற்கவில்லை. செங்கடல் பக்கத்து வியாபாரிகளுக்கு, முக்கியமாக காப்பிக்கொட்டை விற்கிற ஏமன்காரர்களுக்கு, இந்த முகம்தான் நம்பிக்கையாக இருந்தது. வேறு காசை நீட்டினால் வாங்க மாட்டார்கள். தோளில் இருக்கிற அணியின் முத்துக்களை எண்ணிப் பார்த்து வாங்குகிற வழக்கம்கூட இருந்தது. அதனால் வருஷத்தையே மாற்றாமல் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். 1868ல் அபிசீனியாவுக்குப் படை எடுத்துப்போன பிரிட்டிஷ்காரர்களே செலவுக்கு இந்தக் காசைத்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. 1935ல் எத்தியோப்பியா மேல் படையெடுத்த முசோலினி, வியன்னாவிலிருந்து அச்சை வாங்கி ரோமில் அடிக்க ஆரம்பித்தார். பிரிட்டன் சும்மா இருக்குமா? 1936ல் லண்டன் அடிக்க ஆரம்பித்தது. பாரிஸும் பிரஸ்ஸல்ஸும் அடித்தன. 1940-41ல் நம்ம பம்பாய் அக்கசாலையில் மட்டும் ஒரு கோடிக்கு மேல்! எல்லாவற்றிலும் அதே 1780.

அப்போ நிஜம் எது, பின்னாடி அடித்தது எது? எல்லாம் நிஜ வெள்ளிதான். சுமார் 28 கிராம் எடை, அதில் 83.3 சதவீதம், அதாவது 23.4 கிராம் சுத்த வெள்ளி. விளிம்பில் எழுத்துகள் மேடாக ஓடும். அது இல்லாமல் ஒட்டுப்போட்ட கோடு தெரிந்தால் வார்ப்புப் போலி. மார்பளவு உருவத்துக்குக் கீழே எஸ், எஃப் என்ற எழுத்துகள் இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள். குன்ஸ்பர்க் அக்கசாலை அதிகாரிகள் இருவரின் பெயர் முதலெழுத்து அது. பின்னாடி அடித்தவர்கள் அதையும் சேர்த்தேதான் காப்பியடித்தார்கள். எந்த ஊர் அச்சு என்று சொல்ல கழுகின் வால், சிறகு இறகுகளை பூதக்கண்ணாடியில் ஒப்பிட வேண்டும். தேய்த்த காசில் அதெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். அரிய அச்சு என்றால் கூடுதலாகக் கிடைக்கும். மற்றதெல்லாம் அன்றைய வெள்ளி விலையும் கொஞ்சம் மேலும்தான்.

தெரிந்த ஆசாரியிடம் நிறுத்துப் பார்த்தோம். 27.8 கிராம். விளிம்பு எழுத்தும் சரி. ஃபீஸுக்கு ஆகாது என்பதை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு டீ குடிச்சேன். கடைசியில் கணக்கைப் பேப்பரில் போட்டே காட்டிட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ மாமனார் ஏடன்லேர்ந்து கொண்டுவந்தது பம்பாய்ல அடிச்சதாவும் இருக்கலாமோ?"

"இருக்கலாம் அத்தை."

திரும்பத் துணியில் முடிஞ்சு இடுப்புல செருகிக்கிட்டாங்க.