தன்னுருவம் தீட்டும் கலை

கண்ணால் உலகனைத்தையும் காணும் மனிதன், தன் முகத்தை மட்டும் தானே காண இயலாதவன். கண்ணாடியில் தோன்றி மறையும் அம்முகத்தை நிலைநிறுத்த அவன் கொண்ட வேட்கையே தன்னுருவப் படக்கலையாக மலர்ந்தது.

அக்கலையின் அடித்தளத்தில் ஓர் இருட்டறை இருக்கிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே பார்வை நிகழ்கிறது என விளக்கினார். சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளியையும் ஆராய்ந்தார். 'காமிரா' என்ற சொல்லுக்கே அறை என்பதுதான் பொருள். 1839இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் என்பார் காமிராவின் முன் நின்று தம்மைத் தாமே படமெடுத்தார்.

தமிழகத்திலும் இக்கலை விரைவில் கால்கொண்டது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் ஒளிப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. ஆயினும் எளிய மக்கள் காமிராவை இயக்கியவர் அல்லர், அதன்முன் நிறுத்தப்பட்டவரே. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், மனிதர்கள் தத்தம் குலத்தின் மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். பின்னர் ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் வந்தன. நெகடிவின்மேல் பென்சிலால் தீட்டினால் அச்சில் அவ்விடம் வெளுக்கும். 'டச்சிங்' எனப்பட்ட அவ்வேலையால் மாநிறமும் கருநிறமும் வெளிறின. எடுத்தவர் பிறர், திருத்தியவரும் பிறர்.

1990இல் வெளிவந்த போட்டோஷாப் அப்பென்சிலைக் கணினிக்குள் கொண்டு வந்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், அது சிற்றூர்ப் பிள்ளைகளின் கைக்கும் எட்டியது.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வயல்கள். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் சுரங்கங்கள். வெயிலில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள், தம் படத்தைத் திருத்தக் கற்றதும் முதலில் செய்யத் துணிவது என்ன? முகத்தை வெளுப்பாக்குவதன்றோ!

ஆகவே, இக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியர் முதற்பாடமாக ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். மங்கிய படத்திற்கு வெளிச்சம் கூட்டுவது வேறு. தோலின் நிறத்தை மாற்றுவது வேறு. முன்னது காமிராவின் குறையைத் தீர்ப்பது. பின்னது இல்லாத குறையை முகத்தின்மேல் ஏற்றுவது. மூலப்படத்தைத் தொடாது காத்து, அதன் நகலிலேயே பழகச் செய்க. தம் வயலையும் வீட்டையும் பின்னணியாக அமைக்கத் தூண்டுக.

அரியலூர் மண்ணில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்த கடலின் உயிர்கள், தம் உருவைக் கல்லில் விட்டுச் சென்றுள்ளன. அவற்றை அறிஞர் தேடி வருவது, அவை உள்ளவாறே பதிந்திருப்பதால்தான். நம் பிள்ளைகள் விட்டுச் செல்லும் உருவமும் அவ்வாறே மெய்யானதாக இருக்கட்டும். நூறாண்டு பிறர் கையிலிருந்த தூரிகை இன்று அவர்கள் கைக்கு வந்திருக்கிறது; அதைக் கொண்டு தம்மைத் தாமே அழித்துக்கொள்ளாதிருக்கக் கற்பிப்பது பெற்றோர், ஆசிரியர் இருசாராரின் கடனாகும்.